பூக்கோ கத்தியைச் சாணைச் சக்கரத்தில் வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பின்லாந்தின் 'பூக்கோ' கத்தி பற்றி அரைப் பக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தீர்கள். மடக்குக் கத்திகளைப் பற்றி எழுதுவோர் பலர். மடங்காத கத்தியைப் பற்றி, அதிலும் நம் ஊரில் அதிகம் புழங்காத ஒன்றைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால் அந்தக் குறிப்பின் கடைசிப் பத்தி எங்களைப் பேனா எடுக்க வைத்துவிட்டது. 'வாங்கியதும் சாணை பிடிப்பவரிடம் கொடுத்து நன்றாகக் கூர் ஏற்றிக்கொள்ளலாம்' என்று அதில் இருக்கிறது. அதை நம்பி யாராவது ஒரு நல்ல பூக்கோவைச் சக்கரத்தில் கொடுத்தால், பத்தே நிமிடத்தில் அதன் மதிப்பில் பாதி தீப்பொறியாகப் பறந்துவிடும். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வடிவம். பின்னிஷ் மொழியில் 'பூ' என்றால் மரம். கத்தியின் பெயர் அதிலிருந்து வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். மரப்பிடி போட்டது, மரம் சீவுவது என்று இரண்டுக்கும் பொருந்தும். அலகு பெரும்பாலும் 8 முதல் 11 செ.மீ. நீளம்; பிடியும் கிட்டத்தட்ட அதே நீளம். முதுகு நேராகப் போகும், அல்லது நுனியருகே லேசாகத் தாழும். தடிமன் 3 முதல் 4 மி.மீ. கைக்கும் அலகுக்கும் நடுவே தடுப்பு கிடையாது. உங்கள் குறிப்பு இதைக் குறையாகச் சொல்கிறது. அது குறையல்ல. பூக்கோ குத்துவதற்கு ஆன கத்தி அல்ல, சீவுவதற்கு ஆனது. மரத்தில் நுட்பமாகச் செதுக்கும்போது ஆள்காட்டி விரல் பூணைத் தாண்டி அலகின் அடிவரை முன்னே போகும். அங்கே தடுப்பு இருந்தால் விரலுக்கு இடமில்லை. பிடியின் கடைசியில் இருக்கும் புடைப்பு, கத்தியை இழுக்கும்போது கை நழுவாமல் பிடித்துக்கொள்ளும். அதே காரணத்தால் இந்தக் கத்தியால் எதையும் குத்திப் பார்க்கக் கூடாது. முன்பக்கம் தடுக்க எதுவும் இல்லாததால், நுனி கட்டையில் சிக்கி நின்ற மறுகணம் கை வழுக்கி வாயின் (அலகின் வெட்டும் விளிம்பின்) மேல் போய்விடும்.

இனி வாய். கடிதமே இதற்காகத்தான்.

நம் வீட்டுக் காய்கறிக் கத்தியை விளக்கடியில் பிடித்துப் பார்த்தால், முதுகிலிருந்து கீழ்நோக்கி மெலிந்துவரும் அலகின் கடைசியில், அரை மி.மீ. அகலத்தில் தனியாக ஒரு குட்டிச் சரிவு தெரியும். வெட்டுவது அதுதான். பூக்கோவில் அந்தக் குட்டிச் சரிவு இல்லை. அலகின் பாதி உயரத்திலோ அதற்கும் கீழேயோ ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டிலிருந்து வாய் வரை இரண்டு பக்கமும் ஒரே தட்டையான சரிவு. இரண்டும் சந்திக்கும் இடமே கூர். சேகரிப்பாளர்கள் இதை 'ஸ்காண்டி' என்பார்கள். தச்சரின் உளியை நினைத்துக்கொண்டால் உடனே விளங்கும். உளியின் சரிவு மரத்தின்மேல் படுத்துக்கொண்டு போவதால்தான் சீவல் ஒரே கனத்தில் சுருண்டு வருகிறது. பூக்கோவிலும் அகலமான அந்தச் சரிவே மரத்தில் உட்கார்ந்து கைக்கு வழி காட்டுகிறது. உளிக்கு ஒரு பக்கம்தான் சரிவு, இதற்கு இரண்டு பக்கமும் என்பதே வேறுபாடு.

கணக்கும் எளிது. அலகு 4 மி.மீ. தடிமன், சரிவின் உயரம் 10 மி.மீ. என்றால் ஒரு பக்கக் கோணம் 11 டிகிரிக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து 23 டிகிரியை ஒட்டி வரும். 3 மி.மீ. தடிமனும் 7 மி.மீ. சரிவும் என்றால் ஒரு பக்கம் 12, மொத்தம் 24. ஒரு வெர்னியரும் கால்குலேட்டரும் இருந்தால் எந்தப் பூக்கோவின் கோணத்தையும் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். பாதித் தடிமனைச் சரிவின் உயரத்தால் வகுத்து, டான் மதிப்பைத் தலைகீழாகப் பார்த்தால் போதும். பள்ளியில் படித்த திரிகோணமிதி உருப்படியாக உதவும் அரிய இடங்களில் இது ஒன்று.

பழைய முறையில் சம்மட்டியால் அடித்த பூக்கோக்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அவற்றின் அலகைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் சாய்சதுரம் போல இருக்கும். சரிவு தொடங்கும் கோட்டில்தான் தடிமன் அதிகம். அங்கிருந்து முதுகை நோக்கியும் மெலியும். ஆழமாக வெட்டும்போது அலகின் மேற்பகுதி மரத்தில் உரசிச் சிக்காமலிருக்க இந்த ஏற்பாடு. தகடாக வாங்கி வெட்டி எடுத்த தொழிற்சாலை அலகில் இரண்டு பக்கமும் இணையாக, தட்டையாக இருக்கும். கையில் வாங்கியதும் முதுகின் தடிமனையும் கோட்டின் தடிமனையும் அளந்து பாருங்கள். முதுகில் 3, கோட்டில் 4 என்று வந்தால் பட்டறையில் பிறந்தது என்பதற்கு நல்ல அடையாளம். அது மட்டுமே சான்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இயந்திரத்தில் அரைத்தும் அந்த வடிவைக் கொண்டுவருகிறார்கள்.

இப்போது சாணைக்கு வருவோம். தெருவில் மிதிசக்கரத்தோடு வருபவரின் கைத்திறனை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. அரிவாளுக்கும் வீட்டுக் கத்திக்கும் அவர் ஒரு பக்கத்துக்கு 20 டிகிரியாக வைக்கும் வாய் சரியானதே. அதைப் பூக்கோவில் வைத்தால் என்ன ஆகும்? மேலே சொன்ன 10 மி.மீ. சரிவின் நுனியில், அரை மி.மீ. உயரத்துக்கு ஒரு புதிய சரிவு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு மெல்லிய வெள்ளிக் கோடு, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கோட்டுக்காக அலகின் அகலத்தில் ஏற்கெனவே 0.4 மி.மீ. போய்விட்டது. பழைய கோணத்துக்குத் திரும்ப வேண்டுமானால், இரண்டு பக்கமும் சரிவின் முழுப் பரப்பிலும் ஏறக்குறைய 0.08 மி.மீ. உலோகத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். கேட்க அற்பமாகத் தோன்றும். 1000 எண் தீட்டுக்கல்லில் (எண் கூடக் கூடக் கல் நுண்மையானது) கையால் தேய்த்தால் மணிக்கணக்கில் ஆகும். சரிவுக் கோடும் அதே 0.4 மி.மீ. மேலே ஏறிவிடும். அந்தக் கோடு இருக்கும் இடத்தைப் பார்த்தே இந்தக் கத்தி எவ்வளவு தேய்ந்தது என்று விவரமறிந்தவர் சொல்லிவிடுவார்.

இரண்டாவது கேடு சூடு. கார்பன் உருக்கில் செய்த பூக்கோவைக் கொல்லர் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய மிதமான சூட்டில் பதப்படுத்துகிறார். ராக்வெல் அளவில் 58 முதல் 62 வரை கடினம் அப்படித்தான் நிற்கிறது. தண்ணீர் படாத சக்கரத்தில் வைத்தால், காகிதத்தைவிட மெலிந்த வாய் கண் சிமிட்டும் நேரத்தில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். வைக்கோல் மஞ்சள் நிறம் வந்தால் சுமார் 210 டிகிரி, பழுப்பு 250ஐ ஒட்டி, ஊதா 280, நீலம் 300. மஞ்சளோடு நின்றால் பிழைத்தது. நீலக் கோடு தெரிந்தால் அந்த இடத்தின் பதம் போயிற்று. பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது, வாய் மடங்கும். நீலத்தை உப்புத்தாளால் தேய்த்து மறைத்து விற்பவர்களும் உண்டு. நிறம் மறையும், போன பதம் திரும்பாது. சந்தேகமிருந்தால் ஒரு காய்ந்த மரக்குச்சியை நாலைந்து முறை சீவிவிட்டு வாயைப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பளபளவென்று ஒளி திரும்பினால் அங்கேதான் பதம் கெட்டிருக்கிறது.

அப்படியானால் எப்படித் தீட்டுவது? தட்டையான தண்ணீர்க் கல், பொறுமை, ஒரு ஸ்கெட்ச் பேனா. இவ்வளவுதான்.

1000 எண் கல் ஒன்று, 4000 எண்ணை ஒட்டிய கல் ஒன்று இருந்தால் போதும். வாயில் பல் விழுந்திருந்தால், அதாவது சில்லு பெயர்ந்திருந்தால் மட்டும் 400. ஊறவைக்கும் வகைக் கல்லைக் காற்றுக் குமிழி நிற்கும் வரை, பத்து நிமிடம் போல, தண்ணீரில் போட்டு எடுங்கள். மற்ற வகைக்கு மேலே தெளித்தால் போதும். தொடங்கும் முன் கல் தட்டையாக இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். கல்லின்மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, தடித்த கண்ணாடித் துண்டின்மேல் பெயின்ட் கடையில் விற்கும் 220 எண் வாட்டர் பேப்பரை ஈரத்தோடு விரித்து, அதன்மேல் கல்லைக் கவிழ்த்துத் தேயுங்கள். பென்சில் கோடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் மறைந்தால் கல் தட்டை. நடுவில் மட்டும் கோடு மிச்சமிருந்தால் கல் குழிந்திருக்கிறது. குழிந்த கல்லில் தீட்டிய சரிவு வெளிப்பக்கம் உப்பி வரும். உப்பிய சரிவு மரத்தில் உட்காராது, உருளும். பூக்கோ வைத்திருப்பவர்கள் 'முன்பு போல சீவவில்லை' என்று சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் கத்தி அல்ல, இந்தக் குழிந்த கல்தான்.

சரிவு முழுவதும் ஸ்கெட்ச் பேனாவால் கறுப்பாகத் தடவுங்கள். கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, சரிவு தானாகத் தட்டையாக உட்காரும் வரை முதுகை மெல்ல உயர்த்துங்கள். அந்த இடத்தை விரல்நுனி உணரும். கோணத்துக்கென்று தனிக் கருவி வேண்டாம் என்பதே ஸ்காண்டி வாயின் பெரிய வசதி. இரண்டு விரலைச் சரிவின்மேல், வாய்க்கு அருகே வைத்து அழுத்தி, வாய் முன்னே போகும்படி இரண்டு முறை தள்ளிவிட்டு எடுத்துப் பாருங்கள். கறுப்பு முழுதும் ஒன்றுபோல அழிந்திருந்தால் கோணம் சரி. மேலே கோட்டருகே மட்டும் அழிந்திருந்தால் கத்தி மிகவும் படுத்திருக்கிறது. வாயருகே மட்டும் அழிந்திருந்தால் முதுகு தூக்கியிருக்கிறது, அல்லது முன்பு யாரோ அங்கே குட்டிச் சரிவு வைத்துவிட்டார்கள். சில தொழிற்சாலைகள் வாய் பல் விழாமலிருக்கத் தாங்களே மிகச் சிறிய சரிவு வைத்து அனுப்புவதுண்டு. அதைப் பழுது என்று எண்ணிப் பதற வேண்டாம்.

கல்லின் அகலத்தைவிட அலகு நீளமானது. ஆகவே அடி, நடு, நுனி என்று பகுதி பகுதியாகத் தீட்டுங்கள். நுனி வளைவுக்கு வரும்போது பிடியைச் சற்றே உயர்த்த வேண்டும். உயர்த்தாவிட்டால் வளைவு கல்லில் படாது. அதிகம் உயர்த்தினால் நுனி உருண்டுவிடும். கெட்டுப்போன பூக்கோக்களில் முதலில் கெட்டிருப்பது நுனிதான். எத்தனை தடவை தள்ளுவது என்று கேட்காதீர்கள், அதற்கு எண் கிடையாது. எதிர்ப்பக்கத்தில் மெல்லிய உலோகப் பிசிறு எழும் வரை தீட்ட வேண்டும். கட்டைவிரலை முதுகுப் பக்கமிருந்து வாய் நோக்கி மெல்லத் தடவி வெளியே எடுத்தால் சொரசொரப்பு தட்டும். வாயோடு வாயாக விரலை ஓட்டிவிடாதீர்கள். அடியிலிருந்து நுனி வரை விடுபடாமல் பிசிறு வந்த பிறகே மறுபக்கம். அழுத்தம் தொடக்கத்தில் ஒரு கிலோ அளவு. சமையல் தராசின்மேல் கல்லை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தால் கைக்குப் பழகிவிடும். முடிக்கும்போது கத்தியின் எடை மட்டும் போதும். பிறகு 4000 எண் கல்லில் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி.

மிஞ்சிய பிசிறைத் தோல் வார் எடுக்கும். தொங்கும் வார் வேண்டாம். பலகையில் ஒட்டிய தோல் நல்லது. பச்சை நிற மெருகுப் பசையை மெல்லப் பூசி, முதுகு முன்னே போக, வாய் பின்னே வர, பக்கத்துக்குப் பத்து முறை இழுத்தால் போதும். தோல் மெத்தென்று இருந்தாலோ அழுத்தி இழுத்தாலோ தோல் வாயைச் சுற்றி வளைந்து கூரை உருட்டிவிடும். வாரில் நூறு முறை இழுப்பதாகப் பெருமை பேசுவோரின் கத்திகள் கண்ணாடி போல மின்னும், மரத்தில் வழுக்கும்.

கூர் வந்ததா என்று பார்க்க முழங்கை முடியை மழிக்கும் வித்தை தேவையில்லை. இந்தப் பத்திரிகைத் தாளையே ஒரு ஓரத்தில் பிடித்துக்கொண்டு வெட்டிப் பாருங்கள். செய்தித்தாள் மெத்தென்று இருப்பதால் மழுங்கிய வாய் அதைக் கிழிக்கும். கூரான வாய் சத்தமின்றி இறங்கும். இன்னும் கடினமான சோதனை வேண்டுமானால் மெல்லிய பைன் கட்டையின் குறுக்குவெட்டு முகத்தைச் சீவுங்கள். முகம் மெழுகு பூசியது போல வழவழப்பாக வந்தால் சரி. வெள்ளையாகப் பொடிந்தால் இன்னும் தீட்ட வேண்டும்.

இவ்வளவு மெல்லிய வாய்க்கு எல்லை உண்டு. எலும்பு, தேங்காய் ஓடு, காய்ந்த மூங்கில், உறைந்த இறைச்சி எதிலும் வைக்கக் கூடாது. மூங்கிலில் மணல்சத்தான சிலிகா இருப்பதால் எந்தக் கத்தியும் விரைவில் மழுங்கும். இந்த வாயோ பல் விழுந்துவிடும். கடின மரத்தில்தான் வேலை என்றால், எல்லாம் தீட்டி முடித்தபின் முதுகை மயிரிழை உயர்த்தி, ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி அளவில், கத்தியின் எடையிலேயே மூன்று தடவை இழுத்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு வாயைத் தாங்கும். அடுத்த தீட்டலில் மறைந்தும் போகும். சமையலறைக்கு இது தோதான கத்தி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 4 மி.மீ. தடித்த அலகு உருளைக்கிழங்கை வெட்டாது, ஆப்பு வைத்தது போலப் பிளக்கும்.

உருக்கைப் பற்றி உங்கள் குறிப்பு 'டமாஸ்கஸ் அலகு இருந்தால் உயர்ந்தது' என்கிறது. உருக்கை அடுக்கி அடித்து, பரப்பில் வரிக்கோலம் தெரியும்படி செய்த அலகை இன்று அப்படிச் சொல்கிறார்கள். இதை நாங்கள் ஏற்கவில்லை. நல்ல பூக்கோக்களில் பெரும்பகுதி எந்தக் கோலமும் இல்லாத கார்பன் உருக்கில் ஆனவை. 80சிஆர்வி2 என்ற வகையில் கார்பன் 0.8 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 'வெள்ளி உருக்கு' என்று பின்லாந்தில் சொல்லும் 115சிஆர்வி3 வகையில் அது 1 சதவீதத்துக்கு மேல். வெள்ளி ஒரு துளியும் கிடையாது, மினுமினுப்பால் வந்த பெயர். தேய்ந்த அரங்களை அடித்து அலகு செய்வதும் கிராமக் கொல்லர்களின் வழக்கம். உருக்கு விலை அதிகமாக இருந்த நாட்களில் நடுவில் மட்டும் உருக்கை வைத்து இரண்டு பக்கமும் மெல்லிரும்பால் போர்த்தினார்கள். அப்படிப்பட்ட அலகைத் தீட்டினால் சரிவில் ஓர் அலைக்கோடு தோன்றும். கோட்டுக்கு மேலே மங்கல், கீழே மினுக்கம். இந்தக் கோடு வாயின் முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும். நுனியருகே காணாமல் போனால், தேய்ந்து தேய்ந்து உருக்கு தீர்ந்துவிட்டது என்று பொருள்.

இணையத்தில் மலிவாக வரும் கோல அலகுகளில் அமிலத்தால் வரைந்தவையும் கலந்திருக்கின்றன. உண்மையாகவே அடுக்கி அடித்ததென்றால் பக்கத்தில் ஓடும் கோடு முதுகிலும் தொடர்ந்து வரும், சரிவிலும் புதிய வடிவில் தெரியும். வரைந்தது பக்கத்தோடு நின்றுவிடும். இன்னொன்று, இந்த அடுக்கு உருக்குக்கும் நம் தென்னாட்டு மூசைகளில் உருக்கி உலகுக்கு அனுப்பிய 'ஊட்ஸ்' உருக்குக்கும் தொடர்பில்லை. ஊட்ஸின் வரிகள் உருகி ஆறும்போது உள்ளே தாமாக உண்டானவை. இரண்டுக்கும் 'டமாஸ்கஸ்' என்ற பெயர் வழங்குவதால் விற்பவர்கள் குழப்பிவிடுகிறார்கள்.

பிடியில் பார்க்க வேண்டியது வால். அலகின் தொடர்ச்சியாக மெலிந்த வால் ஒன்று பிடியின் நடுவே போய், மறுமுனையில் சிறிய உலோகத் தகட்டின்மேல் குமிழாகத் தட்டி இறுக்கப்பட்டிருக்கும். அந்தக் குமிழ் வட்டமாக, விரிசலின்றி இருக்க வேண்டும். சுற்றிலும் பசை வழிந்திருந்தால் யாரோ பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள். பிர்ச் மரப்பட்டையில் செய்த பிடி தனி அழகு. பட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டி, நடுவே துளையிட்டு, வாலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, நன்றாக நெருக்கி இறுக்கியபின் செதுக்குகிறார்கள். குளிரில் கைக்குச் சில்லென்று இருக்காது, நனைந்தாலும் வழுக்காது. ஆனால் பல ஆண்டுகள் குளிர்சாதன அறையில் உலர்ந்தால் அடுக்குகள் சுருங்கி, பூணுக்கும் பட்டைக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி விழும். கத்தியைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள், 'டிக்' என்று கேட்டால் வால் தளர்ந்திருக்கிறது. விறகின்மேல் கத்தியை வைத்துக் கட்டையால் முதுகில் அடித்துப் பிளக்கும் வீடியோக்களைப் பார்த்து அதேபோல் செய்வதாலும் இந்த வால் தளரும்.

உறையோடு சேர்ந்ததே பூக்கோ. ஈரத் தோலைக் கத்தியின்மேல் இழுத்து வடிவம் பிடித்துத் தைத்த உறையில் பிடியும் பாதிக்கு மேல் மறையும். உள்ளே வாயைத் தாங்க மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஒரு கூடு இருக்கும். உறை மாறியிருந்தால் சேகரிப்பு மதிப்பு இறங்கும். ஆனாலும் சேர்த்து வைக்கும் கத்தியை உறைக்குள் போட்டு மூடிவைக்காதீர்கள். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தோல் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அலகில் துரு, பித்தளைப் பூணில் பச்சைக் களிம்பு, தோலில் பூஞ்சணம் மூன்றும் ஒரே மழைக்காலத்தில் வந்து சேரும். அலகைத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை ஒரு துளி தடவி, உறையை அருகில் தனியாக வையுங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். நாளானால் பிசினாகி ஒட்டும். பழங்கள் வெட்டியதால் அலகில் ஏறிய சாம்பல்நிறக் கருமை துரு அல்ல, அதைத் தேய்த்து எடுக்காதீர்கள். சிவந்து பொடி உதிர்வதுதான் துரு. முழுக் கத்தியையும் பாலிஷ் போட்டுவிடுவது இன்னும் பெரிய பிழை. அலகின் அடியில் இருக்கும் செய்தவரின் முத்திரை மழுங்கிவிட்டால், அந்தக் கத்தியின் பிறப்புச் சான்றிதழைக் கிழித்தது போலத்தான்.

எதைச் சேர்ப்பது என்பது அவரவர் விருப்பம். வட பின்லாந்தின் ரொவானியெமியில் 1928இல் தொடங்கிய மார்த்தீனி நிறுவனத்தின் கத்திகள் எளிதில் கிடைக்கும். பின்லாந்து வடிவமைப்பாளர் தாப்பியோ விர்க்கலா 1960களின் தொடக்கத்தில் ஹாக்மன் நிறுவனத்துக்காக வடிவமைத்த பூக்கோ, கறுப்பு நைலான் பிடியும் பித்தளையும் கொண்டது. பெட்டியோடு கிடைத்தால் அந்தக் கத்தியைத் தீட்டுக்கல்லில் வைக்கவே கூடாது. கைனூ பகுதியின் 'தொம்மி' வகை, ஹிரின்சல்மியைச் சேர்ந்த கல்லெ கெரானென் என்ற கொல்லரின் கைவண்ணம். பிஸ்கார்ஸ் இரும்பாலையில் தமக்கு வேலை கற்றுத்தந்த ஆங்கிலேயர் தாமஸின் பெயரைத்தான் அவர் கத்தி சுமக்கிறது. இவற்றில் எதையும் தீட்டிப் பழகாதீர்கள். பழக ஆசையிருந்தால் சுவீடனின் மூராவில் செய்யும் மலிவான கார்பன் கத்தி ஒன்று வாங்குங்கள். அதே ஸ்காண்டி வாய்தான்; கெட்டாலும் மனம் நோகாது.

சட்டத்தையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். நம் நாட்டு ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றிப் பேசுகின்றன. பூக்கோ அதற்குள் வராது. அதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு பேருந்து ஏறலாம் என்று அர்த்தமில்லை. பின்லாந்திலேயே 2003ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி, வேலையோ தக்க காரணமோ இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருக்கக் கூடாது. விமானத்தில் கைப்பையில் வைத்தால் பறிபோகும். சரக்கில் போகும் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

கடைசியாகப் படத்தின் கீழே இருந்த வரி. 'லாப்லாந்துப் பழங்குடிகளின் சிங்கமுகக் கத்தி' என்று போட்டிருக்கிறீர்கள். லாப்லாந்தின் சாமி மக்களுடைய பெரிய கத்திக்கு 'லெயுக்கு' என்று பெயர். அதன் உருவமே வேறு. படத்தில் இருப்பது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, தெற்கு ஒஸ்த்ரோபோத்னியாவின் கவுஹவா ஊர்க் கத்தி. 1879இல் ஈசக்கி யார்வென்பா தொடங்கிய பட்டறை புகழ்பெறச் செய்த வகை. பிடியின் முனையில் பித்தளையில் வார்த்திருப்பது சிங்கமும் அல்ல, குதிரைத் தலை.

இப்படிக்கு,
கத்தி சேகரிப்பில் ஆர்வமுள்ள வாசகர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.